பிந்துகிற கை

எங்கள் வீட்டு டிவி கேமில் என்னை வென்ற ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. தம்பியைக் கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஒப்புக்கொள்வான். சின்ன வயதில் என்னிடம் தோற்பதையே தொழிலாக வைத்திருந்தவன் அவன்.

இப்போது கட்டாரில் வேலை செய்கிற அவன் இந்த முறை லீவுக்குச் செட்டிபாளையம் வந்தபோது ஒரு கேம் பெட்டியும் கொண்டுவந்தான். நாங்கள் அந்த நாளில் விளையாடிய பழைய பெட்டிக்குள் இருந்த சங்கதியை அப்படியே புதிதாகச் செய்து விற்கிறார்களாம். எங்களிடம் இருந்த பழைய கேம் கசற்றையே செருகலாம், இன்றைய பெரிய டிவியில் கொழுவலாம். கடற்காற்றில் கறுத்திருந்த கசற்றின் பற்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தோம். படம் வந்தது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு.

"பாதிய மூடி வைக்கிறதுக்கா இவ்வளவு பெரிய டிவி?" என்றார் அம்மா.

கேமில் ஓடித் தாண்டவேண்டிய முதல் குழியிலேயே விழுந்தேன்.

"மறுகா என்னக்கா?" என்றான் தம்பி.

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் 'பிறகு'. அதை இழுத்துச் சொன்னால் நக்கல். மறுகாவும் விழுந்தேன். அவனோ குழிகளைத் தாண்டித் துள்ளிக்கொண்டு போனான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாரியில் ஸ்கூட்டியில் போகும்போது ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்து, விழுந்து, வலக்கை மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்தபின்னும் நான் வண்டியைத் தொடவில்லை. பிரேக்கைக் கை பிந்தித்தான் பிடித்தது என்று மனதில் பதிந்துவிட்டது. கைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதையும் நம்பவில்லை. இப்போது டிவியும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"கை பிந்துதுடா," என்றேன். தம்பியின் நக்கல் நின்றுபோனது.

மறுபடி தொடங்கியபோது, சொதிக்கு மாங்காய் போடவா என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார். அந்தப் பக்கம் திரும்பி, "ஓம், போடுங்க," என்றேன். பெருவிரல் பழைய பழக்கத்தில் தன்பாட்டில் பட்டனை அமத்திக்கொண்டிருந்தது.

"அக்கா! தாண்டிட்டீங்க!"

திரும்பிப் பார்த்தேன். அடுத்த குழியில் விழுந்தேன்.

பிறகு வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு விளையாடினேன். தாண்டினேன். டிவியைப் பார்த்து விளையாடினேன். விழுந்தேன். தம்பி தன் தலையில் கை வைத்தான். புதிய டிவிகள் படத்தை அழகுபடுத்திவிட்டுத்தான் காட்டுமாம், அதனால் படம் கொஞ்சம் பிந்தி வருமாம். கட்டாரில் அவனுடைய அறையிலும் இதே மாதிரி டிவிதான். முந்தி அமத்தியே அவனுக்குப் பழகிவிட்டது.

வாழ்நாளில் முதல்முறை என்னை வென்றவன், பேசாமல் இருந்திருக்கலாம். ரிமோட்டை எடுத்து, கேமுக்கென்று டிவியில் இருந்த தனி முறைக்கு மாற்றிவிட்டான். நான் பறந்தேன். அவன் ஒவ்வொரு குழிக்கும் முந்திக் குதித்து விழுந்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

அன்று பின்னேரம் ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன். "ஏறுடா," என்றேன். உண்மையாகவா என்று ஒருதரம் பார்த்துவிட்டு ஏறினான். குருக்கள்மடம் வரும்போது முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. என் கை பிரேக்கைப் பிடித்தது. பஸ்ஸுக்கு நல்ல தூரத்திலேயே வண்டி நின்றது. நான் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.