பதினெட்டு பேருக்கும் நானே யோசித்தேன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்கான பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரு லைனுக்கு நான் பொறுப்பு. எனக்குக் கீழே பதினெட்டு பேர். ஆளுக்கு மாதம் ஒரு யோசனையாவது எழுதித் தர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. கைசன் ஷீட் என்போம். வேலை எங்கே இடிக்கிறது, அதை எப்படிச் சரி செய்யலாம் என்று தொழிலாளியே தன் கைப்பட எழுத வேண்டிய தாள். என் லைனில் ஒருத்தரும் எழுதமாட்டார்கள். சொந்தமாக யோசிக்கத் தெரியாத கூட்டம் என்று வீட்டில் புலம்புவேன். புலம்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆவடி ஃப்ளாட்டில் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து பதினெட்டையும் நானே எழுதுவேன். நீல மையில் சில, கறுப்பு மையில் சில, இரண்டு மூன்று இடது கையால். "பரீட்சைக்கு பிட் எழுதற மாதிரி இருக்கு" என்பாள் மனைவி. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். திங்கட்கிழமை காலை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். யாரும் படித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இது நாலைந்து மாதம் பிரச்சினையில்லாமல் ஓடியது. அப்புறம்தான் அந்தப் பெட்டி திரும்பி வந்தது.

இடது கதவுக்கும் வலது கதவுக்கும் நாங்கள் செய்யும் பிராக்கெட்டுகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். இடதில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கஸ்டமரான கார் கம்பெனிக்குப் போய்விட்டது, அதுவும் இரண்டாவது தடவை. காரணம் கேட்டு அங்கிருந்து தரம் பார்க்கும் ஆடிட்டர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அந்தப் பெட்டிச் சரக்கு எந்த மெஷினில் ஓடியது என்று பார்த்தேன். இடது பிராக்கெட்டுக்கு ரப்பர் பொருத்தும் மெஷின். அதில் நிற்பவள் நெமிலிச்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வரும் ஒரு பெண். நாலு வருடமாக கான்ட்ராக்ட். அவளை பெர்மனன்ட் ஆக்கும் பேப்பர் அப்போது என் மேஜையில், என் கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி வைத்தேன். அது நிலைத்துவிட்டால் பெர்மனன்ட் என்ன, மறுநாள் அவளை கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

ஆடிட்டர் அதிகம் பேசாத மனிதர். என் மேனேஜரும் நானும் பின்னாலேயே நடந்தோம். நேராக லைன் ஓரத்து நோட்டீஸ் போர்டுக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த கைசன் ஷீட்டுகளைப் புரட்டினார். அவளுடையதை உருவி எடுத்து, அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதினதாம்மா? கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க."

ட்ராலிக்குப் பெரிய சக்கரம் போட்டால் தள்ளுவது சுலபம் என்று எழுதியிருந்தேன். அவள் மெஷின் பக்கம் ட்ராலியே வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்த வுடுங்க சார். வேற ஒண்ணு சொல்லட்டா?"

மெஷினுக்குப் போய், பிராக்கெட்டை உட்கார வைக்கும் குழியில் விரலை வைத்தாள். "இங்க சின்னதா ஒரு கம்பி நட்டா போதும் சார். லெஃப்ட்டுல ஓட்டை கீது, கம்பி மேல போய் குந்திக்கும். ரைட்டு கலந்து வந்தா குந்தாது, அங்கயே தெரிஞ்சிடும். தூங்கிகினு போட்டாகூட மாறாது."

ஆடிட்டர் குனிந்து குழியைத் தடவிப் பார்த்தார். "இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

சொல்லியிருந்தாள். என்னிடம்தான். முதல் பெட்டி திரும்பி வந்த மறுநாள், காலையில் எல்லோரும் நின்றபடி கூடும் ஐந்து நிமிஷக் கூட்டத்தில். நான்கரை நிமிஷம் நான் கத்திவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று வாட்சைப் பார்த்தபடி கேட்டேன். அவள் கையைத் தூக்கினாள். இதே கம்பியைத்தான் சொன்னாள். "அதுக்கெல்லாம் இன்ஜினியருங்க இருக்காங்க. நீ கண்ணைத் தொறந்து வேலை பாத்தாலே போதும்மா" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் ஒரு கைகூட மேலே போனதில்லை.

"இல்ல சார்" என்றாள் ஆடிட்டரிடம். "இன்னிக்கித்தான் தோணுச்சு."

மதியத்துக்குள் டூல் ரூமில் கம்பி வைத்துக் கொடுத்தார்கள். ஆடிட்டரே வலது பிராக்கெட்டை வைத்து அழுத்தினார். உட்காரவில்லை. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்ற வரியை அடித்துவிட்டுக் கிளம்பினார். "நல்லா வளர்த்து வச்சிருக்கீங்க டீமை" என்று மேனேஜர் என் தோளில் தட்டினார். நான் தேங்க்ஸ் சொன்னேன். வெட்கங்கெட்டவன், வேறென்ன சொல்ல.

டீ நேரத்தில் அவளிடம் போனேன். "என்னைக் காப்பாத்திட்டம்மா" என்றேன்.

"உங்களுக்காக இல்ல சார். என் பேப்பரு உங்க மேசமேல கீது. உண்மைய சொல்லிட்டு நான் எங்க போய் நிக்கறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். நேராக மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, பேப்பரை ஹெச்.ஆரில் கொடுத்தேன். மேனேஜர் அறைக்குப் போய், கம்பியைப் பற்றி அவள் முன்பே என்னிடம் சொன்னதையும், ஷீட்டுகளை எழுதியது யார் என்பதையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி அவளிடம் வந்தேன்.

"பேப்பர் போயாச்சும்மா. இனிமே அது என் கையில இல்ல. கம்பி தவிர வேற ஏதாவது உனக்குத் தோணியிருக்கா?"

"தோணுச்சு சார். நீங்க அன்னிக்கி சிரிச்சதுக்கப்பறம் மூணு விஷயம் தோணுச்சு."

"சொல்லு, எழுதிக்கறேன்."

ஒரு பிராக்கெட்டை எடுத்துக் கம்பியில் உட்கார வைத்தாள். "மறந்துபோச்சு சார்" என்றாள்.

எதையும் மறக்கிற ஆள் இல்லை அவள்.