கேட்டையைக் காட்டிய ஜோசியர்

பத்மநாபபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்கு ஓர் ஆவணி மாதத்து அந்தியில் அந்த ஜோசியர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். ஒன்றையும் எடுத்து எழுதவில்லை. எதைச் சொல்வதானாலும் முதலில் செல்போனில் ஜாதகச் செயலியை விரலால் தள்ளிப் பார்ப்பார். அந்த வீட்டுப் பெண் நர்ஸ். விரும்பியவனையே கட்டிவைக்க இரு வீட்டாரும் சம்மதித்திருந்தார்கள். பொருத்தம் பார்ப்பது மட்டும் பாக்கி.

“பிள்ளைக்குக் கேட்டை. மாப்பிள்ளைக்க அண்ணனுக்கு ஆகாது,” என்றார்.

“அவருக்கு அண்ணனே கெடையாது ஜோசியரே, அவருதான் வீட்டுல மூத்தவரு,” என்றாள் அவள்.

செயலியை மறுபடி தள்ளினார். “பெரியப்பா மவன் ஒருத்தன் சவுதியில உண்டுல்லா? அவனும் அண்ணன்தான்.”

அவள் எழுந்து முற்றத்தில் இறங்கினாள்; ஜோசியரும் அவள் அப்பாவும் நானும் பின்னாலேயே இறங்கினோம். “எனக்க நட்சத்திரம் எதுன்னு கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்.”

தென்மேற்கு வானில் கேட்டை சிவப்பாக, தெளிவாகத் தெரிந்தது. அவர் கிழக்கே திரும்பி, செல்போன் கோபுரத்து உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அது டவர் லைட்டுல்லா!” அவள் சிரித்துவிட்டாள்.

அவர் கூசவில்லை. “நான் கணக்கு பாக்குக ஆளு மக்கா, வானம் பாக்குக ஆளில்ல,” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவள் அப்பா அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். “அவருக்குக் கண்ணுதான் கொறவு. கணக்கு தப்பாது,” என்றார். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னார்.

ஜோசியரை வெறுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்த விளக்கைத் தம் கண்ணாலேயே பார்த்த அப்பாவைத்தான் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.