சவரிநாதன் சார் வீட்டு விருந்து

மேலப்புதூரில் எங்கள் பக்கத்து வீட்டு இருதயமேரிக்குப் பாட வராது, தைக்க வராது. விருந்து வைக்க வரும். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலப் பூசை முடிந்ததும் எட்டுப் பேரைக் கூப்பிடுவாள். அதில் நானும் ஒருத்தி. காலையிலேயே தரையில் எட்டுப் புளியங்கொட்டையைப் பரப்பி, யார் பக்கத்தில் யார் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். புருஷன் போன பிறகு யாரோடும் பேசாத வியாகுலம்மாளை, வாய் ஓயாத தையல்காரர் குத்புதீனுக்கு எதிரே உட்காரவைத்தாள். மோர் ஊற்றுவதற்குள் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

பெயர் மட்டும் கணவருக்குப் போனது. கல்லூரி ஆபீஸில் கிளார்க்காக இருந்த அவர் பெயரை வைத்து, 'சவரிநாதன் சார் வீட்டு விருந்து' என்றே எல்லாரும் சொன்னோம். எனக்கும் புத்தி இல்லை. விருந்து வைப்பது இருதயமேரிதான் என்று ஒருவராவது ஒருமுறை சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

அறுபத்தாறாம் வருஷம் ஊரே அரிசிக்கு அல்லாட வேண்டியிருந்தது. சோறு போடாமல் ஆளைக் கூப்பிட்டால் மானம் போகும், நிறுத்திவிடு என்றார் சவரிநாதன். அவள் கேட்கவில்லை. ஜீயபுரத்திலிருந்து சர்க்கரைவள்ளிக்கிழங்கு வரவழைத்து அவித்து, கடுங்காப்பி போட்டாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, ஆட்கள் வருவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெறும் கிழங்குதானே, அரை மணியில் கலைந்துவிடுவோம் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எட்டு மணி வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்போதும் உர்ரென்று இருக்கும் தலைமையாசிரியர் பிலோமின்ராஜ், குத்புதீனிடம் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பும்போதுதான் சவரிநாதன் சைக்கிளோடு வாசலுக்கு வந்தார். பழக்கம் விடுமா? தலைமையாசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் விருந்துக்கு ஈடே இல்லை என்றார்.

இருதயமேரி முன்னால் வந்தாள்.

"அவரு இப்பத்தாங்க வர்றாரு. விருந்து வச்சது நான். எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

சவரிநாதன் காலால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

"அவ சொல்றது நெசந்தாங்க" என்றார்.

தலைமையாசிரியர் அவர் கையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏழு வருஷமா இங்க சாப்பிடறேன். உங்க பேரு என்னம்மா?"

அவள் சொன்னாள். மற்ற ஏழு பேரும் வரிசையாக நின்று அவளிடம் சொல்லிக்கொண்டு போனோம்.