அலுமினியம் அசையவில்லை

எண்ணூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. எழுபதுகளின் தொடக்கம். நான் குடியிருந்த கல்மண்டபத்திலிருந்து கடலோரமாகவே பஸ் போகும். இறங்கும்போது முகத்தில் உப்பு பிசுபிசுக்கும். ஆய்வுக்கூடம் என்று தனியாக எதுவும் கிடையாது. வகுப்பறையின் மூலையில் ஒரு மர அலமாரி, அதற்குள் பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் குவளைகள், சில புட்டிகள். அவ்வளவுதான்.

அந்நாளில் பள்ளியிறுதியான பதினோராம் வகுப்புக்கு உலோகங்களின் வினைத்திறன் வரிசை நடத்தினேன். மேலே இருக்கும் உலோகம் கீழே இருப்பதை அதன் உப்புக் கரைசலிலிருந்து விரட்டிவிட்டுத் தான் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றேன். மயில்துத்தம் என்ற செம்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு ஆணி ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆணி சிவந்தது. செம்பு படிந்துவிட்டது என்றதும் பெண்கள் எழுந்து வந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள்.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கரும்பலகையில் எழுதியிருந்த வரிசையைப் பார்த்துவிட்டு, அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறதே, அப்படியானால் அது இன்னும் வேகமாகச் செய்யுமா என்று கேட்டாள். செய்யும், கண்ணாலேயே பாருங்கள் என்றேன். சத்துணவுக் கூடம் எல்லாம் இல்லாத காலம். மரத்தடியில் அடுப்பு மூட்டி மதிய உணவு சமைக்கும் ஆயாவிடம் உடைந்த அலுமினியக் கரண்டி ஒன்று இருந்தது. அதை வாங்கி வேறொரு குவளையில் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்தது. மறுநாள் வந்து பார்த்தபோதும் கரண்டித் துண்டு வெள்ளை வெளேரென்று நீலத் தண்ணீருக்குள் கிடந்தது. புத்தகம் தப்பா டீச்சர் என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். கரைசல் நீர்த்துவிட்டிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய் என்று எனக்கே தெரிந்திருந்தது. கல்லூரியில் அந்த வரிசையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள் நான். அலுமினியத்தை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகி அதைக் காக்கும் என்று ஒரு வரி இருந்தது. நிம்மதியாக இருந்தது. மறுநாள் வகுப்பில், நேற்று நான் சொன்ன காரணம் தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு தோல் போல மூடியிருக்கும் அந்தப் படலத்தைப் பற்றிச் சொன்னேன்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி கடைசி வரிசையில் இருந்தாள். வாய் திறக்கவே மாட்டாள். அன்று எழுந்து நின்றாள்.

“தோலு கீதுன்னா, எங்க வூட்டு அலுமினிய குண்டான் மட்டும் ஏன் டீச்சர் ஓட்டையாவுது? அதுலதான் அம்மா மீனை உப்புல ஊற வெக்கும்.”

இந்த முறை நான் சமாளிக்கப் பார்க்கவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது.

திங்கட்கிழமை அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். அதில் அடிப்பக்கம் பொத்தல் விழுந்த குண்டான். கூடவே ஒரு புட்டி நிறைய, கடல் கலக்கும் முகத்துவாரத்தின் உப்புத் தண்ணீர். நான் கேட்கவில்லை, அவளாகவே கொண்டுவந்திருந்தாள். அந்தத் தண்ணீரிலேயே மயில்துத்தத்தைக் கரைத்தேன். நீலம் சற்றுப் பச்சையாகத் திரிந்தது. குண்டானின் விளிம்பிலிருந்து கத்தரித்த துண்டைப் போட்டேன்.

முதலில் குமிழிகள் கிளம்பின. பிறகு துண்டின் மேல் செம்பு படியத் தொடங்கி, காபிச் சக்கை போலத் திட்டுத் திட்டாக உதிர்ந்தது. குண்டான் கொண்டுவந்தவள் குவளையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“சுடுது டீச்சர்.”

உப்புதானா என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. நாலைந்து நாளாகச் சும்மா கிடந்த கரண்டிக் குவளை அலமாரியில் அப்படியே இருந்தது. ஆயாவிடமிருந்து ஒரு கை உப்பு வாங்கி அந்தக் குவளையில் போட்டுக் கலக்கினேன். நாற்பது பெண்களும் மேசையை நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கரண்டியும் நுரைக்க ஆரம்பித்தது. உப்பு அந்தத் தோலை அங்கங்கே துளைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் அலுமினியத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. இதை நானும் அன்றைக்குத்தான் கற்றேன்.

வீட்டில் சொன்னாயா என்று அந்தக் குப்பத்துப் பெண்ணிடம் பிறகு கேட்டேன். சொல்லி, இனிமேல் மீனை மண்பானையில் ஊற வை என்றாளாம். மண்பானையில் ஓட்டை விழாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் அந்தக் கனத்தை மீன் வாங்கக் கரைவரை யார் தூக்குவது என்று அவள் அம்மா கேட்டாராம்.

பரீட்சை நெருங்கியபோது அவள் என்னிடம் தனியாக வந்தாள். அலுமினியத்தைப் பற்றிக் கேட்டால் புத்தகத்தில் இருப்பதை எழுதுவதா, பார்த்ததை எழுதுவதா என்று கேட்டாள். நான் சொன்னேன்:

“புத்தகத்துல இருக்கிறதை முதல்ல எழுது. கீழே ஒரு கோடு போட்டு, நீ பார்த்ததையும் எழுது.”

அந்தக் கேள்வி வந்தது. அவள் இரண்டையும் எழுதினாள். திருத்தியவர் கோட்டுக்குக் கீழே படித்தாரா என்று தெரியாது, ஆனால் அவள் தேர்ச்சி பெற்றாள்.