காத்த நசுக்கி நெருப்பு எடுத்த எழிலரசி

எழிலரசியப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல என் கோவத்தப் பத்திச் சொல்லணும். பதினாலு வருசமா நான் அவமேல பட்ட கோவத்துக்கு அளவே இல்ல.

என் பேரு தேவசகாயம். கடலூர் முதுநகர்ல, ஹார்பருக்குப் போற வழியில வீடு. மஞ்சக்குப்பத்துல சர்க்கார் ஆபீசுல முப்பத்தோரு வருசம் கிளார்க்கா இருந்தேன். பீடி குடிச்சு குடிச்சு ரிட்டயர் ஆவறதுக்குள்ள நுரையீரல் கெட்டுப்போச்சு. சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு, இனிமே வீட்டுலயே ஆக்சிஜன் மிஷின் வச்சிக்கணும்னு சொல்லிட்டாங்க. அது ரூம்ல இருக்கிற காத்த இழுத்து, வடிகட்டி, குழாய் வழியா மூக்குல விடும். கரண்ட்டு இருந்தா விடும். இல்லன்னா சும்மா பெட்டி.

எங்க வீட்டுச் சொவத்துக்கு அந்தப் பக்கம் 'இளவரசு டீசல் ஒர்க்ஸ்'. போர்டுல தான் இளவரசு. ஸ்பேனர் புடிக்கிறது அவன் பொண்டாட்டி எழிலரசி. பத்தாவது வரைக்கும் படிச்சவ. கல்யாணமாகி வந்த புதுசுல புருசனுக்கு நட்டு போல்ட்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தா. ரெண்டே வருசத்துல அவன ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஊர் ஊரா அனுப்பிட்டு, இஞ்சின் முன்னாடி அவ உக்காந்துட்டா. மீன்புடி போட்டுக்காரனுங்க அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவானுங்க, "இளவரசு, நீ கைய வச்சிடாத, அக்கா வரட்டும்." அவனும் சிரிச்சிக்குவான். நல்ல மனுசன்.

எனக்குத் தான் அவ ஆகாது. மத்தியானம் சாப்புட்டு கண்ண மூடுனா போதும், தடதடதடன்னு இஞ்சின ஓட விடுவா. கட்டிலே ஆடும். ஜன்னல் வழியா கத்துவேன்.

"ஏம்மா, மனுசன் இருக்கறதா சாவறதா?"

"ரெண்டே நிமிசம் மாமா! ஓட்டிப் பாத்தா தான தெரியும்!"

அவளோட ரெண்டு நிமிசம் ஒரு மணி நேரம் ஓடும்.

மனு எழுதறதுல நான் புலி. எவனுக்கு அனுப்பணும், எந்த வார்த்தையப் போட்டா ஃபைல் நகரும், எல்லாம் அத்துப்படி. திங்கக்கிழமை மனுநாளா பாத்து மூணு மனு குடுத்தேன். மூணாவதுல வேலை முடிஞ்சிது. கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்கு விடுவாளே பெரிய ஜெனரேட்டரு, அத வீடுங்க இருக்கிற தெருவுல வைக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சு. லாரியில ஏத்தி கீரப்பாளையத்துல கொழுந்தன் வயலுக்கு அனுப்பிட்டா. அன்னிக்கு நான் பாயசம் வைக்கச் சொன்னேன். என் சம்சாரம் தைலம்மாள் வைக்கல.

அடுத்த மழைக்கு எனக்கு வச்சிது பாருங்க ஆப்பு. மூணு நாள் விடாம ஊத்துச்சு. தெருவுல இடுப்பளவு தண்ணி, எங்க வீட்டுத் தரை ஒசரம்ங்கறதால உள்ள மட்டும் ஏறல. கரண்ட்ட நிறுத்திட்டாங்க. ஸ்பேரா ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்துச்சு, அத மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அதோட மீட்டர் முள்ளு செவப்புக் கோட்டத் தொட்டுடுச்சு. தைலா ஆம்புலன்சுக்குப் போன் போட்டா. பாலத்தத் தாண்டி வண்டி வராது, படகு வரணும், சாயங்காலம் நாலு மணி ஆவும்னாங்க. சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்குனா ஜாஸ்தி.

தைலா சொவத்துப் பக்கம் போறது தெரிஞ்சுது. வேணாம்னு கையாட்டுனேன். உயிர் போவற நேரத்துலயும் வீம்ப பாத்தீங்களா. அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. "எழிலு! எழிலு!"ன்னு கத்துனா.

தண்ணியில நடந்து வந்து நின்னா எழிலரசி. முள்ளப் பாத்தா. எவ்ளோ கரண்ட்டு வேணும்னு மிஷின் பின்னாடி ஒட்டியிருந்த எழுத்தப் படிச்சா. "பெருசு கீரப்பாளையத்துல கெடக்குதே மாமா"ன்னா. குத்திக் காட்டுறதுக்குச் சொல்லல. எது கையில இருக்குன்னு வாய்விட்டு யோசிச்சா, அவ்ளோதான். எனக்கு அப்பவே செத்துடலாம் போல இருந்துச்சு. இளவரசும் சிதம்பரத்துல மாட்டிக்கிட்டான், வெள்ளம் வடியறதுக்கு ரோட்ட வெட்டி உட்டுட்டாங்க.

கடை மேட்டுல ரிப்பேருக்கு வந்த பழைய போட்டு இஞ்சின் ஒண்ணு தண்ணி படாம இருந்துச்சு. ஒத்த சிலிண்டர் இஞ்சின், உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சி போனது. அதுல பெல்ட்டு போட்டு, கரண்ட்டு எடுக்கற டைனமோ ஒண்ணக் கோத்தா. பொகை என் பக்கம் வராம குழாயத் தெருவப் பாத்துத் திருப்பி வச்சா. சொவத்து மேல ஒயர இழுத்தா. எல்லாம் என் ஜன்னலுக்கு நேரா நடக்குது.

தைலா பதறி ஓடிப்போய் தீப்பெட்டி எடுத்தாந்தா. அடுப்பு மாதிரி பத்த வைக்கணும்னு நெனச்சிட்டா, பாவம்.

"இதுக்குத் தீக்குச்சி வேணாம் அத்தை. உள்ள இருக்கிற காத்த இறுக்கி நசுக்குனா அதுவே கொதிச்சிடும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு அடியில சுடுதில்ல? அதே தான். அந்தச் சூட்டுல டீசல் போய் வுழுந்தா தானா புடிச்சிக்கும். ஆனா இது ரிங் தேஞ்சது, காத்து ஒழுவுது. ஒழுவுனா சூடு ஏறாது."

படுத்தபடி கேட்டுக்கிட்டு இருந்தேன். பதினாலு வருசம் அந்தச் சத்தத்தத் திட்டுனவன், உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. நெருப்பே இல்லாம, வெறும் காத்த நசுக்கி நெருப்பு எடுக்கறாளாமே! எனக்கு மூச்சு வாங்குன அந்த நேரத்துலயும் ஆச்சரியமா இருந்துச்சு.

ஹேண்டில மாட்டிச் சுத்துனா. சக்கரம் சுத்துச்சு, நின்னுடுச்சு. மறுபடி. மறுபடி. காத்துப் போற ஓட்டையில கொஞ்சம் இஞ்சின் ஆயில ஊத்துனா, ஒழுக்கு அடைக்கறதுக்கு. மறுபடி சுத்துனா. ஆறாவது தடவ ஹேண்டில் எதுத்து அடிச்சு மணிக்கட்டுல பட்டுடுச்சு. "அய்யோ"ன்னு ஒரு சத்தம் தான் வந்துச்சு. கைய மாத்திக்கிட்டா.

என் மூக்குல சில்லுனு வந்துக்கிட்டு இருந்தது நின்னு போச்சு. தைலா சிலிண்டரத் தட்டிப் பாக்குறா. கண்ணு இருட்டுது. "ஏசுவே"ன்னு சொல்லக்கூட மூச்சு இல்ல. ஜன்னல்ல எழிலரசி தோள் மட்டும் ஏறி எறங்கறது தெரியுது. எத்தன தடவன்னு எண்ண முடியல.

டக்.

அப்புறம் இன்னொரு டக். அப்புறம் தடதடதட! ஜன்னல் கம்பி ஆடுச்சு, கட்டில் ஆடுச்சு. சாமி சத்தியமா சொல்றேன், எந்த மாதா கோயில் மணியும் என்னை அப்படி அழ வச்சதில்ல.

அப்பவும் அவசரப்படல அவ. மொதல்ல ஒரு குண்டு பல்ப மாட்டிப் பாத்தா. மங்கலா எரிஞ்சா மிஷின் படுத்துக்கும், ஜாஸ்தியா எரிஞ்சா பொகைஞ்சிடும். இஞ்சின் வேகத்தக் கூட்டிக் கொறச்சு, பல்பு ஒரே சீரா எரிஞ்சப்புறம் தான் "போடுங்க அத்தை"ன்னு கத்துனா. மிஷின் கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு ஓட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல என் நெஞ்சுக்கூடு விரிஞ்சுது.

நான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே யோசிச்சேன். காலையில அவ தின்ன சோறு கையில பலமாச்சு. கை சக்கரத்தச் சுத்துச்சு. சக்கரம் காத்த நசுக்குச்சு, காத்து சூடாச்சு, சூடு டீசலப் பத்த வச்சுது. டீசல் டைனமோவச் சுத்தி கரண்டாச்சு. கரண்ட்டு என் மூச்சாச்சு. எதுவும் எங்கயும் தொலையல. ஒண்ணு இன்னொண்ணா மாறி மாறி சொவத்தத் தாண்டி எனக்குள்ள வந்துடுச்சு. அம்மாடி, இவ்ளோ பெரிய சமாச்சாரம் பக்கத்து வீட்டுல நடந்துக்கிட்டு இருந்திருக்கு, நான் அதுக்கு மனு எழுதியிருக்கேன்!

இஞ்சின் சீரா ஓடுது, கொஞ்ச நேரம் தனியா விடலாம்னு எழிலரசி உள்ள வந்தா. என் மொகத்த ஒரு தடவ பாத்துட்டு, குழாய் சரியா இருக்கான்னு பாத்துட்டு, கட்டிலுக்குப் பக்கத்துல தரையில அப்படியே உக்காந்துட்டா. மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு. "எம்மா, என்னை மன்னிச்சிடு"ன்னேன். அது தான் அன்னிக்கு நான் மூச்சு வாங்காம பேசுன மொத பேச்சு.

"போங்க மாமா, பேசாம படுங்க."

தைலா ஒரு டம்ளர்ல கஞ்சி குடுத்தா. எழிலரசி வாங்குனா. ரெண்டு கையும் ஒதறுது, டம்ளர் நிக்கல, கஞ்சி சிந்தி பொடவையில ஊத்துது. அந்தக் கையில ஒரு பொட்டு பலம் மிச்சம் இல்ல.

நான் எந்திரிச்சு உக்காந்து டம்ளர வாங்கி அவ வாய்கிட்ட வச்சேன். என் கை நடுங்கவே இல்ல.