ஒரே ஒரு கட்டளைக்கான இடம்

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். பெங்களூரில் செல்போன்களுக்கு சிப் வடிவமைக்கும் அலுவலகத்தில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவன் அதே ஊர் விவேக் நகர்க்காரன். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் முதலில் உள்ளே போவது என் கையாகத்தான் இருக்கும்.

சிப்பின் மூளையான பிராசசருக்குத் தெரிந்த கட்டளைகள் கொஞ்சம்தான். பொருத்தமான ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால், பத்து அடியில் செய்கிற வேலையை ஒரே அடியில் முடித்துவிடும், பேட்டரியும் மிச்சம். எங்கள் சிப்பில் இன்னும் ஒரே ஒரு கட்டளைக்குத்தான் இடம் இருந்தது. போட்டியிலோ இரண்டு: பேச்சொலிக்காக அவன் எழுதியது, படங்களுக்காக நான் எழுதியது. அவனுக்கு அது இரண்டு வருட உழைப்பு. எனக்கு நான்கு மாதம். இருந்தும் இரண்டையும் சோதித்துப் பார்க்கும் வேலையை என்னிடமே விட்டான்.

"நீ பாத்தா போதும் மச்சி, நான் வேற எதுக்கு?"

பேச்சொலிச் சோதனையில் அவனுடைய கட்டளை பேட்டரிச் செலவைப் பாதியாக்கியது. என்னுடையது ஒரேயொரு படச் சோதனையில், அதுவும் நானே எழுதிய சோதனையில், பிரமாதமாக ஓடியது. கூட்டத்துக்கு அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். வெட்கம்கெட்டவன் நான்.

மேலாளர் முன்னால் அவன் கேட்டான்: "பேச்சு டெஸ்ட் என்னாச்சு மச்சி?"

"ஓட்ட டைம் கெடைக்கலடா."

முந்தைய நாள் நான் அதை ஓட்டியதை அவன் பார்த்திருக்கிறான். முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே என் மானம் போயிருக்கும். அவன் கன்னடத்தில் "சரி, பிடு", விட்டுவிடு, என்று மட்டும் சொல்லி, தன் தாள்களை அடுக்கிக்கொண்டான். என் கட்டளை சிப்பில் ஏறியது. இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போனான். நான் போன் செய்யவில்லை. எத்தனையோ முறை எண்ணை அழுத்தியிருக்கிறேன், கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

சில வருடம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி கட்டளைப் பட்டியலோடு என் மேசைக்கு வந்தாள். அவள் விரல் என் படக் கட்டளையின் மேல் இருந்தது.

"சார், இந்த ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன எந்த புரோகிராமும் தொடவே இல்ல. எடுத்துடலாமா?"

"வெச்சா வெச்சதுதாம்மா. எங்கியாவது ஒரு பழைய புரோகிராம் அத நம்பி ஓடிட்டிருந்தா, நின்னு போயிடும்."

"இத யார் சார் போட்டது?"

"யாரோ. எனக்கு முன்னாடி இருந்தவங்க" என்றேன்.