இன்னொருதடவை சார்

வளைவு வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அதுவரை டயரின் அகலத்தைப் பற்றியும் இருக்கையின் மெத்தையைப் பற்றியும் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியவுடன் உதட்டை உள்ளே மடித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதோ ரகசியம் கேட்கப் போகிறவர் போலக் காரை மேட்டு வளைவுக்குள் விடுவார். வளைவு முடிந்ததும் ஒரு பெருமூச்சு. ஓரமாக நிறுத்தி இறங்குவார். பின்னால் வந்த இன்னொரு காரில் ஏறிக் கீழே போய், அதே வளைவை அதே வேகத்தில் எடுத்துவிட்டு வருவார். பிறகு நடுவில் நின்றுகொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். "இதுவா... அதுவா?"

தொழில் புத்திதான். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் கடை அவருடையது. முன்னால் பிரேம்கள், திரைக்குப் பின்னால் எழுத்துப் பலகையும் ஒரு நாற்காலியும். வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போடுவார். "இதுல தெளிவா இருக்கா, அதுலயா? அவசரமே இல்ல. பரீட்சை மாதிரி பயப்படாதீங்க. இதுல தப்பான பதில்னு ஒண்ணு கெடையாது." இந்தப் பொறுமைக்காகவே ஊரில் பாதி மூக்குகளில் அவர் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பொறுமையைக் கார் விஷயத்திலும் காட்டுகிறார் என்பதுதான் வம்பு.

அவர் வீட்டுப் பழைய கார் போன மழைக்காலத்தில் உயிரை விட்டது. மழை முடிந்து வெயில் வந்து, இப்போது மறுபடியும் மழை வந்துவிட்டது. போட்டியில் மிஞ்சி நிற்பவை இரண்டு. ஒன்று நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நீளமான கார். மூக்கு நீண்டு, இடுப்பு தாழ்ந்து, தரையைக் கவ்விக்கொண்டு போகும். மற்றது வாலை நறுக்கிவிட்டாற்போன்ற குட்டை ஹேட்ச்பேக். முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். ஆனால் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத முரட்டு இன்ஜினை உள்ளே வைத்திருக்கிறார்கள். "ஒண்ணு பயில்வான், இன்னொண்ணு வாலு" என்பார்.

சாதாரணமான கார் ஒன்று போதாதா என்று கேட்டுவிடக் கூடாது. "மேட்டுல, மழையில, வளைவுல வழுக்கிச்சுன்னா? போறது யாரு? அவ!" என்று மனைவியின் தலையில் பாரத்தைப் போட்டுவிடுவார். அந்த அம்மாள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய்க் கைகால் விழுந்தவர்களை எழுப்பி நிறுத்துகிறவர். அவருடைய நோயாளிகள் இருப்பதெல்லாம் மேட்டுத்தெருக்களில். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். கணவரைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். "சின்ன வயசுல இவருக்கு யாரும் பொம்மைக் கார் வாங்கித் தரல. அந்தக் கணக்க இப்ப என் பேர்ல தீத்துக்கறாரு."

இரண்டு ஷோரூம்களும் எதிரெதிரே இருக்கின்றன. நீளக் காரை விற்கிறவர் குட்டை. குட்டைக் காரை விற்கிறவர் நெட்டை. வண்டிக்குள் நெட்டையர் ஏறுவதைப் பார்த்தால் குடையை மடக்கிப் பைக்குள் வைப்பது போலிருக்கும். ஒருவரையொருவர் ஜென்ம விரோதியாகப் பார்த்துக்கொண்டிருந்த இவர்களைச் சனிக்கிழமைதோறும் மேட்டடியில் காக்க வைத்து, மாப்பிள்ளை மச்சான் ஆக்கிவைத்த புண்ணியம் நம்மவருக்கு. அவருக்கு 'இன்னொருதடவை சார்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

"மாப்ள, இன்னிக்காவது முடிச்சிடுவாரா?"

"யார, நம்மளயா?"

இதுவரை இருவரும் அவருக்கு ஒரு கார்கூட விற்கவில்லை. அவர் இருவருக்கும் கண்ணாடி விற்றுவிட்டார்.

பின்சீட்டில் எடைக்காக யாராவது அகப்பட்டவரை உட்கார வைப்பது அவர் வழக்கம். பல வாரங்கள் அந்த எடை நான்தான். கதவைச் சாத்தும் ஓசையைக் கண்ணை மூடிக் கேட்பார். மனைவி பயிற்சிக்கு எடுத்துப்போகும் பெரிய நீலப் பந்தை டிக்கியில் திணித்துப் பார்ப்பார். நீளக் காரில் டிக்கி பெரிது, வாய் சிறிது. குட்டைக் காரில் வாய் பெரிது, டிக்கி சிறிது. இந்தத் துக்கத்தை வீட்டில் போய்ச் சொன்னபோது அந்த அம்மாள், "காத்த எறக்கிட்டுத்தாங்க கொண்டுபோவேன்" என்றாராம்.

போன வாரம் அந்த அம்மாள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் அந்த அம்மாளுக்கு வண்டி இல்லையென்றால் மேட்டுத்தெருக்கள் வேறு ஒருவருக்குப் போய்விடும். மேலே கடைசிச் சந்தில் ஒரு கொத்தனார் இருக்கிறார். சாரத்திலிருந்து விழுந்தவர், இப்போதுதான் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நிற்கப் பழகுகிறார். அவரை அந்த நிலையில் இன்னொருவர் கையில் ஒப்படைக்க அந்த அம்மாளுக்கு மனமில்லை. இது நம்மவருக்கும் தெரியும். தெரிந்ததால் அந்தச் சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிகத் தடவை வளைவை எடுத்தார்.

தூறிக்கொண்டிருந்தது. நீளக் கார், குட்டைக் கார், மறுபடி நீளக் கார். வளைவின் மேலே இரண்டையும் நிறுத்தி நாங்கள் நின்றிருந்தபோது நெட்டையர்தான் முதலில் பார்த்தார்.

"சார்... மேடம் நடந்து வராங்க."

குடை, தோளில் கனத்த பை, கக்கத்தில் மடித்த நீல ரப்பர். மூச்சு வாங்க ஏறி வந்து நின்றார் அந்த அம்மாள்.

"நல்ல நேரத்துல வந்தம்மா! இந்த வளைவுல இது எப்படித் திரும்புதுன்னா..."

"ஏங்க, எனக்கு வாங்கற காரு ரெண்டு, காலைலேருந்து மேலயும் கீழயும் போய்ட்டு வருது. நான் நடந்து போறேன். பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க?"

குட்டையர் டயரைப் பார்த்தார். நெட்டையர் வானத்தைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காத. இன்னும் ஒரே ஒரு தடவ..."

"இப்ப எது நல்லாருக்கு?"

"அதாம்மா புரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அந்த அம்மாள் பையைச் சாலையோரக் கல்லின் மேல் இறக்கி வைத்தார். "உங்க நாற்காலில ஒருத்தர் உக்காந்துக்கிட்டு, ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திடுவேன்." கடைக் குரல் தானாக வந்துவிட்டது. "அதுதான் சரியான எடம். அதுக்கு மேல மாத்திக்கிட்டே இருந்தா கண்ணு கொழம்பிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"உங்களுக்கு எத்தன மாசமா ஒண்ணாத் தெரியுது?"

அவர் காருக்குள் எட்டி, அணைக்க மறந்திருந்த வைப்பரை அணைத்தார்.

"சரி, கண்ணாடி யாருக்கு? அதையாவது சொல்லுங்க. போட்டுப் பாத்தது பூரா நீங்க."

ஊரில் யாருக்கும் பதிலாகத் தாம் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டாத மனிதர், தலையைச் சொறிந்தார். அந்த அம்மாள் கையை நீட்டினார். "சாவி." இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு சாவிகள் நீண்டன.

முதலில் நீளக் காரை எடுத்தார். இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை எக்கி, கீழே போய்த் திரும்பி, வளைவில் ஏறிக் கடைசிச் சந்து வாய் வரை போய்த் திரும்பினார். அடுத்து குட்டைக் கார். இம்முறை சந்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார். உள்ளேயிருந்து இன்ஜின் ஒரு தடவை உறுமியது. நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டார். கார் முழுதாக, உள்ளேயே திரும்பி, மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. மேட்டில் அது எங்களை நோக்கி இறங்கிய வேகத்தைப் பார்த்து நம்மவர் ஓரடி பின்வாங்கினார்.

கார்க் கதவின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "அந்தப் பெரிய வண்டி நல்ல வண்டிதான். பிடிச்சா விடாது. ஆனா எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது, எனக்குத் தூக்கம் வருது. சந்துக்குள்ளயும் திரும்பாது. இது கையப் பிடிச்சு இழுக்குதுங்க, கயித்துல கட்டின நாய்க்குட்டி மாதிரி. நானும் முழிச்சிருப்பேன்." பிறகு நெட்டையரிடம், "தம்பி, திங்கக்கிழமை காலைல வேணும். முடியுமா?"

"ஒரு வண்டி ரெடியா நிக்குது மேடம். காலைல வாசல்ல கொண்டாந்து நிறுத்தறது என் பொறுப்பு."

"போகட்டும் மாப்ள" என்றார் குட்டையர். "எனக்குக் கண்ணாடியாவது நல்லா அமைஞ்சுது."

கொத்தனார் மேலே காத்திருந்தார். மிச்ச தூரத்துக்கு இந்தக் காரிலேயே கொண்டு விடட்டுமா என்று நெட்டையர் கேட்க, "நானே ஓட்டறேன், நீங்க பின்னால உக்காருங்க" என்றார் அந்த அம்மாள். நெட்டையர் தம்மைப் பின்சீட்டில் மடித்து வைத்துக்கொண்டார்.

நம்மவர் வாயைத் திறந்தார். "இன்னொரு..." நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மூடிக்கொண்டார்.

கல்லின் மேலிருந்த பையை எடுத்து மனைவிக்குப் பக்கத்து இருக்கையில் வைத்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது: மனைவியின் கால், கட்டைவிரல் நுனியால் கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. இருக்கை தம் நீளக் காலுக்கு ஏற்பப் பின்னால் தள்ளியபடியே இருந்தது. சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு ஈரத் தார்ச்சாலையில் மண்டியிட்டார். இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பிடியைத் தூக்கி, இருக்கையை ஒரு படி முன்னால் நகர்த்தினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் ஒரு படி தள்ளிவிட்டு, தூறல் விழும் முகத்தை நிமிர்த்தி, மனைவி சொல்லட்டும் என்று காத்திருந்தார்.